பொலிஸ் காவலில் இருப்பவருக்கு வருத்தம் என்றால்: யாழ்ப்பாணத்து உடல்நல, சமூகப் பணியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு எட்டரை மணி இருக்கும். ஒரு தாய் பொலிஸ் நிலைய வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே, சொப்பிங் பையோடு நிற்கிறார். பைக்குள் மகனின் வலிப்புக் குளிசைகள். எட்டோ பத்தோ இருக்கும், மட்டையில்லாமல் கடதாசியில் சுற்றியிருந்தார். "மூண்டு தரம் குடுத்துப் பார்த்திட்டன் பிள்ளை, வாங்கமாட்டினமாம். என்ன குளிசை எண்டு தெரியாமல் எப்பிடி உள்ளுக்கு விடுறது எண்டு கேக்கினம்" என்றார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. மகன் கடைசியாகக் குளிசை குடித்தது முதல்நாள் காலை. கிளினிக் கொப்பியைக் கேட்டேன். அது வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒன்றுவிட்ட தம்பி மோட்டார்சைக்கிளில் போய் எடுத்துவர முக்கால் மணித்தியாலம் ஆனது. கொப்பியில் மருந்தின் பெயர், அளவு, வைத்தியரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. அதைப் பார்த்ததும் பொறுப்பதிகாரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் உள்ளே பெடியனுக்கு ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது.

கூட்டுக்குள், அதாவது பொலிஸ் நிலையச் சிறையறைக்குள், இருப்பவரால் தன் குளிசையைத் தானே எடுத்துப் போட முடியாது, வைத்தியரைத் தேடிப் போகவும் முடியாது. அதனால் கூட்டின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் கையில் அந்த வருத்தத்தின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு வேலையை எப்படிச் செய்து முடிப்பது என்பதைப் பற்றித்தான். உளவளத்துணையாளர்கள், உளநலப் பிரிவுத் தாதியர், பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர்கள், நன்னடத்தை உத்தியோகத்தர்கள், அமைப்புகளின் களப்பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டுக்காரரும் வாசிக்கலாம். வாசலில் முதலில் போய் நிற்பது எப்போதும் அவர்கள்தானே.

முதலில் நேரக் கணக்கு

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, பிடியாணையில்லாமல் கைது செய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்க முடியாது. பயண நேரம் அதில் சேராது. அதற்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். ஏன் கைது செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கணக்கு. 1979இன் 48ஆம் இலக்கச் சட்டமான அது, நீதவான் முன் நிறுத்த 72 மணித்தியாலம் கொடுத்தது. அமைச்சரின் தடுப்புக் கட்டளை வந்தால் மாதக்கணக்கில் நீளலாம். 2022 திருத்தம் அந்த உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. அப்படிக் கைதானவரைப் பற்றி 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆளை யாழ்ப்பாணத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடும் என்பதால், இப்படியான கைதில் மருந்துக் கடிதத்தின் ஒரு பிரதியை ஆணைக்குழுவுக்கும் முதல்நாளே கொடுத்துவிடுங்கள்.

இந்த மணிக்கணக்கை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வருத்தங்களும் மணிக்கணக்கில்தான் வருகின்றன. தினமும் கசிப்புக் குடிப்பவருக்குக் கடைசிக் குடியிலிருந்து 6 மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கலாம், 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். ஹெரோயின் எடுப்பவருக்கு ஒரு நாளுக்குள் உடம்பு முறுக்கத் தொடங்கும். தினமும் இன்சுலின் போட்டே ஆகவேண்டிய பிள்ளைக்கு ஒரு நாள் தவறினாலே உயிராபத்து. சட்டம் அனுமதிக்கிற அந்த 24 மணித்தியாலத்துக்குள்ளேயே இவ்வளவும் நடந்து முடிந்துவிடும்.

அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியவை

வீட்டுக்காரர் அழுதுகொண்டுதான் எடுப்பார்கள். என்ன நடந்தது, யார் காட்டிக்கொடுத்தது என்று கதை நீளும். ஆறுதலாகக் கேளுங்கள், ஆனால் இடையில் இவற்றைப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், என்ன வருத்தம், என்ன மருந்து, கடைசியாக எப்போது குடித்தார், குடியோ தூளோ (ஹெரோயின்) ஐஸோ (மெதம்பெட்டமின்) பழக்கமுண்டா, முன்பு எப்போதாவது தற்கொலைக்கு முயன்றாரா. கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

எந்த நிலையம் என்று தெரியாவிட்டால், அல்லது "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை" என்று பதில் வந்தால், காத்திருக்க வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாட்டைப் பதியச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கைதுசெய்து வைத்திருக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. ஒரு சட்டத்தரணியையும் அதே நேரத்தில் தேடுங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சட்டத்தரணிகள் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கு 2012இல் தனியாக விதிகளே போட்டிருக்கிறார்கள். அதனால் "கோட்டுக்கு வந்தால் பார்க்கலாம்" என்று விட வேண்டியதில்லை.

அப்புறம் வீட்டுக்காரரிடம் கொண்டுவரச் சொல்ல வேண்டியவை. கிளினிக் கொப்பி வேண்டும். போட்டோப்பிரதி எடுத்து அதையே கொடுங்கள், மூலம் தாயிடமே இருக்கட்டும். மருந்து, ஆஸ்பத்திரி கொடுத்த உறையோடு அல்லது மட்டையோடு இருக்க வேண்டும். கடதாசியில் சுற்றிய குளிசை எங்கும் எடுபடாது. மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, ஆஸ்மாவுக்கு இழுக்கும் பம்ப், பெண்ணென்றால் மாதவிடாய்த் துவாய், மாற்றுடுப்பு. காது கேட்கும் கருவி இல்லாமல் ஒருவரிடம் வாக்குமூலம் எடுத்தால் அந்த வாக்குமூலத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாசலில்

நேரே பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். அவர் இல்லாவிட்டால் அந்த நேரம் பொறுப்பிலிருப்பவரைக் கேளுங்கள். உங்கள் அடையாள அட்டையை முதலே காட்டி, எந்த நிறுவனம், என்ன பதவி என்று சொல்லிவிடுங்கள். "வணக்கம் சேர், வழக்கைப் பற்றிக் கதைக்க வரேல்லை. உள்ளுக்கிருக்கிறவருக்கு இருக்கிற வருத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தனான்." இந்த வசனத்தை நான் பல வருடமாக மாற்றாமல் சொல்லிவருகிறேன். எதிரில் இருப்பவரின் முகம் கொஞ்சம் இளகும். உள்ளே ஒருவர் செத்துப்போவதை எந்தப் பொறுப்பதிகாரியும் விரும்பமாட்டார். அந்தப் பயத்தை எதிராகப் பார்க்க வேண்டாம், அது உங்களுக்கு உதவும்.

பிறகு கடிதத்தைக் கொடுங்கள். ஒரே பக்கம், பெரிய எழுத்து. இப்படி எழுதலாம்:

"உங்கள் காவலில் இருக்கும் இன்னாருக்கு (வயது, முகவரி) வலிப்பு வருத்தம் உண்டு. யாழ். போதனா வைத்தியசாலையில் சிகிச்சை பெறுகிறார். மருந்தின் பெயர், அளவு இது. காலை 8, இரவு 8 மணிக்குக் கொடுக்க வேண்டும். கடைசியாகக் குடித்தது நேற்றுக் காலை. மருந்து தவறினால் உயிராபத்தான வலிப்பு வரலாம். இன்றே அரச வைத்தியர் ஒருவரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கவும்."

மருந்தின் பெயரை ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். பொறுப்பிலிருப்பவருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால், தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் இரண்டு வரி எழுதிவையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று உங்கள் கொப்பியில் எழுதுங்கள், கடிதத்தைக் கையில் வைத்துப் படம் எடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். தகவல் புத்தகத்தில் ஒரு பதிவு போடும்படியும் தன்மையாகக் கேளுங்கள். இரவில் ஆட்கள் மாறுவார்கள். பகலில் வாயால் சொன்னது இரவுக்குப் போய்ச் சேராது.

கடிதத்தில் எவ்வளவு எழுதலாம்? பொலிஸாருக்குத் தேவையானது மருந்தும் ஆபத்தும் நேரமும் மட்டுமே. பழைய குடும்பச் சண்டை, எப்போது எங்கே வார்டில் இருந்தார், கிளினிக்கில் என்ன சொல்லி அழுதார் என்பதெல்லாம் அவருடைய சொத்து. அதை நீங்கள் கொடுக்கக்கூடாது.

ஆளைப் பார்க்கும்போது: உடல்

அனுமதி கிடைத்தால் கிடைப்பது ஐந்து நிமிடமாக இருக்கலாம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று குனிந்து கதைக்காமல் அவருடைய உயரத்துக்கு இருங்கள், தரையில் இருந்தால் நீங்களும் குந்துங்கள். "தம்பி, நான் ஆஸ்பத்திரிப் பக்கத்தால வந்தனான். பொலிஸும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. வழக்கைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். உடம்பு எப்பிடி இருக்கு?" குற்றத்தைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. அவர் சொல்லத் தொடங்கினாலும் மெதுவாக நிறுத்துங்கள். நாளைக்கு உங்களையே சாட்சிக்கு அழைத்தால் அந்த வார்த்தை அவருக்கு எதிராகப் போய்விடும்.

இனி என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறேன். அதிகம் பிழை நடக்கும் இடம் இது.

"வெறியில கிடக்கிறார், விடியத் தெளிஞ்சிடும்" என்ற வசனத்தை எங்கே கேட்டாலும் நின்றுவிடுங்கள். தலையில் அடிபட்டவரும், சீனி இறங்கியவரும், வலிப்பு வந்து ஓய்ந்தவரும், தொற்றுக் காய்ச்சலில் புலம்புபவரும் வெறிகாரரைப் போலவேதான் கிடப்பார்கள். சாராய மணம் வருகிறது என்பதால் தலையில் அடியில்லை என்று ஆகிவிடாது. வெறியில் விழுந்தவருக்குத்தானே தலை அடிபட அதிக வாய்ப்பு. அதனால் எழுப்பிப் பாருங்கள். பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கண்ணைத் திறங்கள், கையைத் தூக்குங்கள் என்று சொல்லுங்கள். கேள்விக்குப் பதிலும் சொல்லுக்கு அசைவும் வரவில்லை என்றால் அது ஆஸ்பத்திரிக் கேஸ். இங்கிலாந்தில் வெறியில் உள்ளவரைக் குறைந்தது அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இப்படி எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று பொலிஸாருக்கே விதி இருக்கிறது. கூட்டின் வெளியே நின்று "மூச்சு வருது" என்று பார்ப்பதை அங்கே கணக்கில் எடுப்பதில்லை. இரவுக் கடமையில் இருப்பவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்ட பலர் மறுக்காமல் செய்திருக்கிறார்கள், ஏன் என்று விளங்கப்படுத்தினால் போதும். கிடக்கும்போது மல்லாத்தாமல் ஒருக்களித்துப் படுக்கவிடச் சொல்லுங்கள், வாந்தி வந்தால் மூச்சுக்குழாயை அடைக்காது.

தலையில் அடிபட்டிருந்தால் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, கண்மணி இரண்டும் வேறுவேறு அளவு, காதாலோ மூக்காலோ தண்ணிபோல வடிதல், பேச்சுக் குழறல், தூக்கம் கூடிக்கொண்டே போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும், உடனே ஆஸ்பத்திரி.

சீனி வருத்தக்காரர் ஒருவர் வியர்த்து, நடுங்கி, கோபமாகவோ குழம்பியோ கதைத்தால் சீனி இறங்கியிருக்கலாம். ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், கால் மணித்தியாலத்தில் தெளிவு தெரியும். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. இன்சுலின் போடுபவருக்கு ஊசியும் சாப்பாடும் சேர்ந்தே வர வேண்டும் என்பதைக் கடிதத்தில் தனி வரியாக எழுதுங்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்துவது ஊசி போடாமல் விடுவதைப் போலவே ஆபத்து.

வலிப்பு வரும்போது கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. கம்பிக் கதவு பக்கத்திலேயே இருப்பதால் சாவிக்கொத்தைத் திணித்துவிடுவார்கள். அது ஒன்றுக்கும் உதவாது, காயம்தான் வரும். வாய்க்குள் எதையும் வைக்காமல், சுற்றியுள்ள கடின பொருட்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரம் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ 1990. அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

குடிப்பழக்கம் உள்ளவர் முதல்நாள் அமைதியாக இருந்து இரண்டாம் மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால், காய்ச்சலும் வியர்வையும் சேர்ந்தால், "விசர் வந்திட்டுது" என்று சிரித்துவிட்டு விடக்கூடாது. குடியை நிறுத்தியதால் வரும் இந்தக் கடும் குழப்பம் மருந்தில்லாவிட்டால் கொல்லும். வார்டில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஹெரோயின் விட்டவரின் நிலை வேறு: மூக்கால் வடியும், கொட்டாவி, வயிற்றோட்டம், வாந்தி, எலும்பெல்லாம் குத்துகிறது என்று அழுவார். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதனால் நேரடியாகச் சாவது அரிது, ஆனால் வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் உடம்பு வற்றிச் சாகலாம். தண்ணீரும் ஜீவனியும் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல்) வைத்தியரும் வேண்டும். ஐஸ் எடுத்தவர் கொதிக்கும் உடம்போடு, யாரையும் நம்பாமல், நெஞ்சு நோ என்று சொல்லலாம். பலபேர் ஏறி இருந்து அமத்திப் பிடிப்பது அவருக்கு மிக ஆபத்து. போதை இறங்கியபின் வரும் நீண்ட தூக்கத்திலும் சோர்விலும் சாக நினைப்பார்கள், அந்த நேரத்தில் கண் வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை விசேடமாகச் சொல்ல வேண்டும். கடுமையாக அடிபட்ட ஒருவருக்கு வெளியில் பெரிய காயம் தெரியாமலே தசை நசிந்து, அந்தத் தசையிலிருந்து கசிவது சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும், அல்லது போகவே போகாது. "மூத்திரம் என்ன நிறத்தில போகுது?" என்ற கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். பிளேன்டீ நிறம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நாளைக்கு என்ற பேச்சே வேண்டாம். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட சித்தங்கேணி இளைஞர் உயிரிழந்ததை யாழ்ப்பாணத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மனம்

பிடிபட்ட முதல்நாளில் வெட்கம், பயம், போதை இறங்குவது எல்லாம் ஒன்றாக வருகின்றன. ஊரில் பெயருள்ள ஒருவர், ஆசிரியரோ கடை முதலாளியோ, முதல்தடவை உள்ளே இருக்கிறார் என்றால் எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகம் பயம். வழக்கமாக வந்துபோகிறவருக்கு அந்த இடம் பழகியிருக்கும். இவருக்கு "இனி எந்த முகத்தோட ஊருக்குள்ள போவன்" என்ற ஒன்றே தலைக்குள் சுற்றும்.

நேரே கேளுங்கள்: "அண்ணை, செத்துப்போனால் நல்லது எண்டு நினைப்பு வருதோ?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்று மூச்சு இறங்கும். ஓம் என்றால் எப்படி என்று யோசித்திருக்கிறாரா, முன்பு முயன்றாரா என்றும் கேளுங்கள். பிறகு பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள்: தனியே அடைக்க வேண்டாம், கடமையில் இருப்பவரின் கண்ணுக்கு நேரே இருக்கட்டும், இன்றே வைத்தியரிடம் காட்டவும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. இரவில் ஆலோசனை வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். வீட்டில் இருந்து ஒரு செய்தியும் கொண்டுபோங்கள். "அம்மா வெளியில நிக்கிறா, சாப்பாடு கொண்டுவந்தவா, கோபமில்லையாம்." இதைச் சொன்னதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுத ஒருவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் அவர் அந்தப் பாணைக் கையில் எடுத்தார்.

உளநோய்க்கு மாத ஊசி போடுபவர், இல்லாத குரல் கேட்பவர் என்றால் ஊசித் திகதியைக் கிளினிக் கொப்பியில் பாருங்கள். திகதி தாண்டியிருந்தால், கைதுக்குக் காரணமான சத்தமும் சண்டையுமே அதனால் வந்திருக்கலாம். சட்டத்தரணிக்கு இதைச் சொல்லுங்கள். எங்கள் நாட்டின் மனநோய்ச் சட்டம் 1873ஆம் ஆண்டிலிருந்து வருவது. அதனால் இப்படியான ஒருவர் கூட்டுக்குப் போவதா கிளினிக்குக்குப் போவதா என்பது, யாராவது வாய் திறந்து சொல்கிறார்களா என்பதிலேயே பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்பவர்

ஒருதடவை ஒரு பெடியனைப் பார்க்கப் போனேன். வயது இருபத்திரண்டு, சிரித்த முகம். சைக்கிள் களவு என்று பிடித்திருந்தார்கள். "ஒத்துக்கொண்டிட்டான்" என்றார்கள். நான் கேட்டேன்: "தம்பி நேற்று கொழும்புக்குப் போனனீங்களோ?" "ஓம்." "கப்பலில போனனீங்களோ?" "ஓம்." "நான் உங்கட அக்காவோ?" "ஓம்." பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் இப்படித்தான். எதிரில் இருப்பவர் சந்தோசப்படட்டும், சீக்கிரம் வீட்டுக்கு விடட்டும் என்று ஓம் சொல்வார்கள். சோதிப்பது சுலபம். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியை விட்டு "எங்கே போனீர்கள், யாரோடு, என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேளுங்கள். ஒரே விடயத்தை இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்னதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விளங்கவில்லை என்று தெரிந்தால் தாயோ தகப்பனோ சட்டத்தரணியோ பக்கத்தில் இல்லாமல் வாக்குமூலம் எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்படியானவர் பக்கத்தில் பொலிஸுக்குச் சம்பந்தமில்லாத பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியாக எடுக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் வழக்கு போகும் திசையை அந்தப் பேச்சு தீர்மானித்துவிடும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்ததை எடுக்க முடிந்தது, அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

மொழியும் இதே சங்கதிதான். தமிழ் அரச கரும மொழி, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் அதுதான். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம், தமிழில் எழுதித் தரக் கேளுங்கள் என்று கூட்டுக்குள் இருப்பவருக்குச் சொல்வது சட்ட ஆலோசனை கொடுப்பதாகாது. அடிப்படைத் தகவல் அது. வாய் பேசாதவர், காது கேளாதவர் என்றால் அவருடைய கைமொழி தெரிந்த ஒருவரை அழைக்கக் கேளுங்கள். வீட்டில் தாய்க்கு மட்டும் விளங்கும் கைமொழியாகக்கூட அது இருக்கலாம்.

சட்ட வைத்திய அதிகாரியிடம்

சட்ட வைத்திய அதிகாரி என்பவர் காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும் அரச வைத்தியர். கைதானவரை வைத்தியப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது பொலிஸார் ஒரு படிவம் கொண்டுவருவார்கள். வைத்தியர் பார்ப்பதை அதில் எழுதுவார். எல்லாம் அந்த அறைக்குள் என்ன சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது. பொலிஸார் பக்கத்தில் நின்றால் "விழுந்திட்டன்" என்றுதான் வாயில் வரும். கதவுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்காத தூரத்தில் அவர்கள் நிற்கும்படி வைத்தியரே கேட்கலாம். இஸ்தான்புல் நெறிமுறை என்று உலகம் முழுக்க வைத்தியர்கள் பின்பற்றும் வழிகாட்டியும் தனிமையில் பரிசோதிக்கத்தான் சொல்கிறது. நீங்கள் வைத்தியசாலைப் பணியாளர் என்றால் இதை வைத்தியரிடம் முன்கூட்டியே ஞாபகப்படுத்தி வையுங்கள்.

ஆளிடமும் முதலே சொல்லிவிடுங்கள்: எங்கே நோகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், உடுப்பைக் கழற்றிக் காட்டுங்கள், உள்ளங்காலையும் காட்டுங்கள். சின்ன நகக்கீறல் என்றாலும் விட வேண்டாம். கண்டல் முதல்நாள் தெரியாமல் இரண்டாம் நாள் நீலமாகலாம், அதனால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாத அவகாசம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வீட்டுக்காரருக்கு இதைத் திகதியோடு எழுதிக் கொடுங்கள், துக்கத்தில் நாள் போவது தெரியாது.

சிறுவரும் பெண்களும்

சிறுவர் என்றால் பெற்றோருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் உடனே அறிவிக்க வேண்டும், பெரியவர்களோடு ஒரே கூட்டில் வைக்கக்கூடாது. 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2018 திருத்தம் வந்திருக்கிறது. 12இலிருந்து 14 வரை பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்க்க வேண்டும். சிறுவர் உதவி இலக்கம் 1929.

பெண்ணைச் சோதனையிடுவது பெண்ணாகவே இருக்க வேண்டும். கர்ப்பமா, பால் குடிக்கும் பிள்ளை இருக்கிறதா, மாதவிடாயா என்று தனியே கேளுங்கள். பிள்ளை வீட்டில் பசியோடு கிடக்கலாம், அல்லது அடிக்கும் புருசனிடமே விடப்பட்டிருக்கலாம். பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் குடும்பநல மருத்துவிச்சியையும் அன்றைக்கே தொடர்புகொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

நீதவான் முன்பும், விளக்கமறியலிலும்

யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று எந்த நீதிமன்றமானாலும், வழக்கு கூப்பிடுவதற்கு முன்பே சட்டத்தரணியின் கையில் உங்கள் ஒரு பக்கக் கடிதம் இருக்க வேண்டும். வருத்தத்தைத் திறந்த மன்றில் சொல்லி, சிகிச்சைக்கும் வைத்திய அறிக்கைக்கும் கட்டளை கேட்கச் சொல்லுங்கள். நீதவானின் கட்டளை இருந்தால் பிறகு யாரும் மருந்தை வாசலில் திருப்ப முடியாது. விளக்கமறியல் என்று போனால் அதே கடிதத்தின் மூன்றாவது பிரதி சிறைச்சாலை வைத்தியருக்கு. பொலிஸ் நிலையத்துக்குக் கொடுத்தது சிறைக்குத் தானாகப் போகும் என்று நம்பி நான் ஒருதடவை விட்டேன். அந்த அம்மாவுக்கு நான்கு நாள் பிரஷர்க் குளிசை கிடைக்கவில்லை. இப்போது நானே கொண்டுபோகிறேன்.

வெளியில் வந்த பிறகு

பிணையில் வந்தவரைச் சாமி கும்பிட்டு, தலைக்குத் தண்ணி வார்த்து, படுக்கவிடுவார்கள். படுக்கட்டும். ஆனால் அடுத்தநாள் போய்ப் பாருங்கள். ஹெரோயின் பழக்கமுள்ளவருக்கு இந்த நாட்கள் மிக ஆபத்து. உள்ளே இருந்த நாட்களில் உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிட்டது. பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வீட்டுக்காரருக்கு இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தனியே அறையைப் பூட்டிக்கொண்டு இருக்க விட வேண்டாம், எழுப்ப முடியாமல் குறட்டைபோல இழுத்து மூச்சு விட்டால் 1990.

வெட்கத்தில் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, எப்பிடி அந்த வாங்கில போய் இருக்கிறது?" கூடப் போங்கள், அல்லது கூட்டம் குறைந்த நாளைச் சொல்லிக் கொடுங்கள். பேச வேண்டும் என்றால் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களுக்கு முதல்தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம். தூக்கமில்லை, ஜீப் சத்தம் கேட்டால் நடுங்குகிறது, அடித்த ஆளின் குரல் கேட்கிறது என்று மாதம் தாண்டியும் சொன்னால் உளநல வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அந்த வேப்பமரத்தடித் தாய் இப்போது மகனின் மருந்து விபரத்தைச் சின்ன அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அவனுடைய பேர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பிரதி ஒன்று சாமிப்படத்துக்குப் பின்னால். இன்னொன்று என்னுடைய பைலில். போன மாதம் அளவு மாறியபோது மூன்றையும் திருத்த வேண்டுமென்று அவராகவே எனக்கு எடுத்துச் சொன்னார்.